அவர் ஆதாரை குரூப்பில் போடலாமா?

கேள்வி: நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பில்லிங் பார்க்கிறேன். வயது 27. கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் வாங்கினால் எல்லா விவரமும் பதிவாகிவிடும் என்று, டெலிகிராமில் நம்ம பக்கத்து ஆட்கள் நடத்தும் ஒரு கிரிப்டோ குரூப்பில் யுஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ காயின்) வாங்கி வந்தேன். அங்கே ஆதாரின் இரண்டு பக்கமும் ஒரு செல்ஃபியும் அட்மினுக்கு அனுப்பினால்தான் 'வெரிஃபைடு' கிடைக்கும். போன மாதம் 2,000 யுஎஸ்டிடி வேண்டும் என்று குரூப்பில் போட்டேன். நிறைய வவுச் (டீல் முடித்தவர்கள் 'இவரை நம்பலாம்' என்று போடும் சாட்சி) வைத்திருக்கும் ஒருவர் தருவதாகச் சொன்னார். இருவரும் ஆதாரை மாற்றிக்கொண்டோம். உடனே அட்மின் என்னிடம் தனியாக வந்து 'டீல் இருக்கா?' என்று கேட்டு, மூன்று பேர் சாட் ஒன்றைத் தொடங்கி, எஸ்க்ரோ அட்ரஸ் (டீல் முடியும்வரை நடுவர் காயினைப் பிடித்து வைக்கும் அட்ரஸ்) கொடுத்தார். விற்பவர் காயினைப் போட்டார். 'வந்துவிட்டது, பணம் அனுப்பலாம்' என்றார் அட்மின். ஒரு லட்சத்தை யுபிஐயிலும் 85,000-ஐ ஐஎம்பிஎஸ்ஸிலும் அனுப்பினேன். விற்பவர் சொன்னபடி ரிமார்க்கில் 'பனியன் பில்' என்று எழுதினேன். அதன்பின் அந்தச் சாட்டே காணாமல் போய்விட்டது. உண்மையான அட்மின் 'அது நான் இல்லை' என்கிறார். விற்பவர் 'நான் காயினைக் கொடுத்துவிட்டேன், பணத்தைத் திருப்ப முடியாது' என்கிறார். குரூப்பில் பாதிப் பேர் 'அவன் ஆதாரை எடுத்துப் போடு, தானாக வழிக்கு வருவான்' என்கிறார்கள். போடலாமா? போலீசுக்குப் போனால் கிரிப்டோ வாங்கியதற்கு என் மேலேயே கேஸ் வருமா? 15 சதவீதம் முன்பணம் கொடுத்தால் காயினை மீட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: போடாதீர்கள். உங்கள் மின்னஞ்சல் வந்த அன்றே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு போன் செய்து புகார் எண் வாங்கச் சொல்லிச் சுருக்கமாகப் பதில் அனுப்பியிருந்தேன். மற்றதை விரிவாக இங்கே எழுதுகிறேன். இதே வகை ஏமாற்றில் மாட்டியவர்களின் கடிதங்கள் தொடர்ந்து வருகின்றன. எல்லோரும் கேட்பதும் இதே முதல் கேள்வியைத்தான்.

நீங்கள் இணைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்களில் இரண்டாவதைப் பெரிதாக்கிப் பாருங்கள். அட்மினுடைய யூசர்நேமில் ஓரிடத்தில் ஆங்கிலச் சிறிய எழுத்து 'எல்' வருகிறது. உங்களிடம் தனியாக வந்தவரின் யூசர்நேமில் அதே இடத்தில் இருப்பது பெரிய எழுத்து 'ஐ'. போன் திரையில் இரண்டும் ஒரே கோடுதான். பெயரும் டிபியும் அப்படியே நகல். குரூப்புக்குள் பேசும்போது அட்மின் பெயருக்குப் பக்கத்தில் 'அட்மின்' என்று ஒரு குறி வரும். தனிச் சாட்டில் அது யாருக்குமே வராது என்பதால் அது இல்லாதது உங்களுக்கு உறுத்தவில்லை. 2,000 வேண்டும் என்று நீங்கள் எல்லோரும் பார்க்கும்படி போட்டீர்கள், விற்பவரும் அதற்குக் கீழேயே 'நான் தரேன்' என்று எழுதினார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த மூன்றாவது ஆள் உங்கள் இருவரிடமும் தனித்தனியாக வந்துவிட்டார். இதற்கு ஹேக்கிங் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அந்த மூன்றாவது ஆளே விற்பவர்தானோ என்பது உங்கள் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். ஆனால் இதைக் கத்திப் பேசித் தீர்க்க வேண்டியதில்லை, ஓரளவுக்குச் சரிபார்த்துவிட முடியும். உங்கள் டீலின் யுஎஸ்டிடி போன டிரான் நெட்வொர்க்கில் ஒரு அட்ரஸில் நடப்பது எல்லாம் டிரான்ஸ்கேன் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கக் கிடக்கிறது. நீங்கள் அனுப்பிய 'எஸ்க்ரோ' அட்ரஸை நானும் போட்டுப் பார்த்தேன். விற்பவர் சொன்ன 2,000 யுஎஸ்டிடி உண்மையிலேயே வந்திருக்கிறது, அதுவும் உங்கள் முதல் பணப் பரிமாற்றத்துக்கு முன்பே. (நேரம் உலகப் பொது நேரமான யுடிசியில் காட்டினால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இந்திய நேரத்தில் காட்டியதற்கும் அதைக் கூட்டிவிட்டு 'பணம் வாங்கிய பிறகுதான் அனுப்பினான்' என்று குரூப்பில் ஒருவர் தீர்ப்பே எழுதியிருக்கிறார்.) வந்த காயின் சிறிது நேரத்தில் வேறோர் அட்ரஸுக்குப் போயிருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு புது டிரான் அட்ரஸிலிருந்து யுஎஸ்டிடியை வெளியே எடுக்க வேண்டுமானால் கட்டணத்துக்குப் பொதுவாகக் கொஞ்சம் டிஆர்எக்ஸ் (டிரானின் சொந்தக் காயின்) வேண்டும். அந்தச் சில்லறை டிஆர்எக்ஸை முதன்முதலில் யார் போட்டது என்று பார்த்தால் பின்னணி ஆள் பல நேரம் வெளிப்பட்டுவிடுவார். இந்த அட்ரஸுக்கு டிஆர்எக்ஸ் வந்த இடத்துக்கும் விற்பவருடைய வாலட்டுக்கும் எந்தப் போக்குவரத்தும் தெரியவில்லை.

இன்னொன்று. நீங்கள் பணம் அனுப்பிய வங்கிக் கணக்கின் பெயரும் அவர் தந்த ஆதாரில் உள்ள பெயரும் ஒன்று. ஏமாற்றுவதையே தொழிலாக வைத்திருப்பவர் தன் சொந்தக் கணக்கில் பணம் வாங்குவது அபூர்வம். கமிஷனுக்கு வாடகைக்கு எடுத்த யாரோ ஒரு கல்லூரிப் பையனின் மியூல் அக்கவுண்டைத்தான் கொடுப்பார். இவர் இன்னும் குரூப்பிலேயே இருக்கிறார், திட்டு வாங்கிக்கொண்டு பதிலும் சொல்கிறார். நூற்றுக்கு நூறு என்று சொல்ல மாட்டேன், ஒருவரிடம் பத்து வாலட் இருக்கலாம். ஆனால் கையில் இருப்பதை வைத்துப் பார்த்தால் அவரும் உங்களைப் போலவே போலி அட்மினை நம்பியவராகத்தான் தெரிகிறார்.

இந்த நிலையில் அவர் ஆதாரை எடுத்துப் போட்டால் என்ன ஆகும்? ஆதார் எண்ணையோ அதிலுள்ள விவரங்களையோ படத்தையோ பொதுவில் வெளியிடக்கூடாது என்று 2016-ஆம் ஆண்டு ஆதார் சட்டத்தின் 29-ஆவது பிரிவு சொல்கிறது. 'மோசடிப் பேர்வழி' என்ற தலைப்போடு போட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவின்படி அவதூறு வழக்குக்கும் வழி உண்டு. இரண்டு ஆண்டு வரை தண்டனை. 'பணத்தைத் தராவிட்டால் போட்டுவிடுவேன்' என்று முன்கூட்டி எழுதினால் அதை மிரட்டல் என்பார்கள். இன்றைக்கு நீங்கள் புகார்தாரர். போட்ட மறுநிமிடம் எதிர்ப்புகாருக்கு ஆளானவர். அவர் வக்கீலுக்கு நீங்களே கேஸ் கட்டித் தந்தது போல ஆகிவிடும்.

சட்டத்தை விடுங்கள். அந்தப் படத்தை வைத்து அடுத்த மாதமே வேறொருவர் இன்னொரு குரூப்பில் 'வெரிஃபைடு' விற்பனையாளர் ஆகிவிடுவார். உங்களுக்கு நடந்ததையே யோசியுங்கள், டிபியும் பெயரும் மட்டும் வைத்தே 1,85,000 போயிருக்கிறது. ஆதாரின் இரு பக்கமும் கிடைத்தால்?

ஆளைத் தவறாகப் பிடித்துக் காட்டும் பழக்கம் இந்த உலகத்துக்குப் புதிதும் இல்லை. 2014 மார்ச்சில் அமெரிக்காவின் நியூஸ்வீக் பத்திரிகை, பிட்காயினை உருவாக்கிய சடோஷி நகமோட்டோ இவர்தான் என்று கலிபோர்னியாவில் வாழ்ந்த ஒரு முதியவரைச் சுட்டிக்காட்டியது. பெயரில் நகமோட்டோ இருந்தது, பொறியியல் வேலை பார்த்தவர், அவ்வளவு போதுமாக இருந்தது. அவர் வீட்டுப் படமும் வெளியானது. நிருபர்கள் வாசலில் குவிந்து அவர் போன காரைத் துரத்தினார்கள். எனக்கும் பிட்காயினுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று அந்த மனிதர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆசிரியர் குழு, சரிபார்ப்பவர்கள், வக்கீல்கள் எல்லாம் உள்ள ஒரு பத்திரிகைக்கே இந்தக் கதி. உங்கள் குரூப்பில் இதையெல்லாம் சரிபார்க்க ஒரு ஆள் உண்டா?

இனி புகார் விஷயம். கிரிப்டோ வாங்கியதற்காக உங்கள் மேல் கேஸ் வராது. வங்கிகள் கிரிப்டோ வணிகத்துக்குச் சேவை தரக்கூடாது என்று 2018-இல் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4-ஆம் தேதி ரத்து செய்துவிட்டது. 2022 முதல் அரசே லாபத்துக்கு 30 சதவீதம் வரி வாங்குகிறது. சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில், எக்ஸ்சேஞ்சில் காயின் முடங்கிப்போன ஒருவருடைய வழக்கில், கிரிப்டோவும் ஒரு சொத்துதான், அதை ஒருவர் உடைமையாக வைத்திருக்க முடியும் என்று சொல்லியிருக்கிறது. ஆகவே 'என் சொத்தை ஏமாற்றிப் பறித்துவிட்டார்கள்' என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஒரு சின்னச் சிக்கல்: 2022 ஜூலை 1 முதல் ஆளுக்கு ஆள் நடக்கும் கொடுக்கல்வாங்கலில் 1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டியது வாங்குபவர்தான். உங்கள் குரூப்பில் ஒருவராவது பிடித்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. இந்தத் தொகைக்கும் இதற்கு முன் வாங்கியவற்றுக்கும் என்ன செய்வது என்று ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். அதற்குப் பயந்துகொண்டு புகாரைத் தள்ளிப்போடாதீர்கள்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது அந்த 'பனியன் பில்'. ரிமார்க்கில் கிரிப்டோ என்று எழுதினால் வங்கி கணக்கை முடக்கிவிடும் என்ற பயத்தில் இந்தக் குரூப்களில் எல்லோருமே இப்படி ஏதாவது எழுதச் சொல்கிறார்கள். விளைவு என்னவென்றால், உங்கள் ஸ்டேட்மென்ட்படி நீங்கள் அவருக்குச் சரக்குக்குப் பணம் கொடுத்திருக்கிறீர்கள். அதுவும் பனியன் கம்பெனியில் பில்லிங் பார்ப்பவர்! நாளைக்கு அவரே 'இது பழைய வியாபாரப் பாக்கி' என்று சொன்னால் மறுக்க உங்களிடம் என்ன இருக்கிறது? அப்படி எழுதச் சொன்ன மெசேஜ் உங்கள் மூன்றாவது ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பது உங்கள் நல்ல நேரம். இதைப் புகாரில் நீங்களே முதலில் எழுதிவிடுங்கள்: இன்ன காரணத்தால் இப்படி எழுதச் சொன்னார், எழுதினேன், உண்மையில் அது யுஎஸ்டிடிக்கான பணம். மறைத்துவிட்டுப் பிறகு அவர்களாகக் கண்டுபிடித்தால் நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளும் எடுபடாது.

சைபர்கிரைம்.கவ்.இன் தளத்தில் எழுதும்போது 'இன்னார் என்னை ஏமாற்றிவிட்டார்' என்று விற்பவர் பெயரைப் போட்டு முடித்துவிட வேண்டாம். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுங்கள். பணம் இந்தக் கணக்குக்குப் போனது, காயின் இந்த அட்ரஸுக்குப் போனது, இரண்டையும் அனுப்பச் சொன்னது இந்தப் போலி ஐடி. ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 1930-இல் புகார் பதிவானதும் பணம் போன கணக்கில் அந்தத் தொகையை ஹோல்டு போடுவார்கள். அவர் அதை வேறு யாருக்காவது அனுப்பியிருந்தால் அந்தக் கணக்குக்கும் போகும். சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்தினால் போதும், கணக்கு முழுவதையும் முடக்கத் தேவையில்லை என்று உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தாலும், நடைமுறையில் முழுக் கணக்கும் முடங்கிச் சம்பளம் எடுக்க முடியாமல் என்னிடம் வருபவர்கள் உண்டு. விற்பவர் குற்றவாளி என்றால் அது அவருக்குச் சேரவேண்டியதுதான். இல்லையென்றால்?

சாட்சியங்களை இன்றே எடுத்து வையுங்கள். போலி ஐடி உங்களுக்கு முதலில் அனுப்பிய 'டீல் இருக்கா?' இன்னும் போனில் இருக்கிறது என்கிறீர்கள். டெலிகிராமில் ஒருவர் தனிச் சாட்டை இரண்டு பக்கமும் சேர்த்து அழித்துவிட முடியும், நாளைக்கு அது இல்லாமல் போகலாம். கம்ப்யூட்டரில் டெலிகிராம் டெஸ்க்டாப்பைப் போட்டு அந்தச் சாட்டை ஜேசன் (JSON) வடிவில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அதில் அனுப்பியவரின் எண் வடிவ ஐடி வரும். யூசர்நேமை நாளுக்கு ஒன்றாக மாற்றலாம், அந்த எண் மாறாது. போலீஸ் டெலிகிராமிடம் கேட்கவும் அந்த எண்தான் உதவும். யுபிஐ, ஐஎம்பிஎஸ் இரண்டுக்கும் யூடிஆர் எண் (வங்கிப் பரிமாற்ற எண்), காயின் போன டிரான்சாக்ஷன் ஹேஷ் (அந்தப் பரிமாற்றத்தின் அடையாளக் குறி), எஸ்க்ரோ அட்ரஸ், அங்கிருந்து காயின் போன அடுத்த அட்ரஸ் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு சைபர் க்ரைம் நிலையத்துக்குப் போங்கள். போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். பின்னால் நீதிமன்றத்தில் மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் கொடுக்கும்போது அந்தச் சாதனம் தேவைப்படும்.

காயின் திரும்புமா? நம்பிக்கை கொடுக்கத் தயங்குகிறேன். யுஎஸ்டிடியை வெளியிடும் டெதர் நிறுவனத்தால் ஒரு அட்ரஸில் இருக்கும் காயினை முடக்க முடியும், காவல் அமைப்புகள் கேட்டு முடக்கியும் இருக்கிறார்கள். நீங்களும் நானும் மெயில் போட்டு அது நடக்காது. காயின் ஏதாவது எக்ஸ்சேஞ்சுக்குள் போயிருந்தால் அங்கே போலீஸ் ஆளைக் கேட்கலாம். எக்ஸ்சேஞ்சுகள் 2023 மார்ச்சிலிருந்து பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டதால், இந்தியாவில் முறையாகப் பதிவு செய்தவை பதில் சொல்லியாக வேண்டும்.

இப்போது உங்கள் குரூப்பின் சண்டைக்கு வருவோம்: நஷ்டம் யாருடையது? விற்பவர் காயினை இழந்தார், ஆனால் பணம் அவரிடம் இருக்கிறது. நீங்கள் பணம் கொடுத்தீர்கள், காயின் வரவில்லை. எஸ்க்ரோ உண்மையான அட்மினாக இருந்து அவர் ஓடியிருந்தால் வாதம் வேறு. இங்கே நீங்கள் இருவரும் ஒரே போலியை ஒரே நேரத்தில் நடுவராக ஏற்றிருக்கிறீர்கள். அவரை முதலில் சாட்டுக்குள் கொண்டுவந்தது உங்களில் ஒருவராக இருந்தால் அவர் தலையில் கூடுதல் சுமை விழும். ஸ்கிரீன்ஷாட்படி சாட்டை உருவாக்கி இருவரையும் சேர்த்தது போலியேதான். என் கருத்தில் பாதிக்குப் பாதி ஏற்றுக்கொள்வதே நியாயம். இருவரும் சேர்ந்து போய்ப் புகார் கொடுங்கள், போன காயினுக்கு அவரும் பாதிக்கப்பட்டவர் என்று எழுதட்டும். 92,500 அவர் உங்களுக்குத் திருப்பட்டும், வங்கி வழியாக, உண்மையான ரிமார்க்கோடு. பின்னால் காயின் மீண்டால் சரிபாதி என்று ஒரு தாளில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வேறு வக்கீல் 'முழுத் தொகைக்கும் சிவில் வழக்கு போடலாம்' என்பார். போடலாம்தான். எத்தனை வருடம், எவ்வளவு செலவு என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

கோபம் எனக்கு உங்கள் மேல் இல்லை, அந்த உண்மையான அட்மின் மேல்தான். அவர் பணத்தைத் தொடவில்லை, சரி. ஆனால் எந்த உரிமத்தில் நூற்றுக்கணக்கானவர்களின் ஆதாரையும் செல்ஃபியையும் வாங்கி வைத்திருக்கிறார்? எங்கே வைத்திருக்கிறார்? யாரெல்லாம் திறக்கலாம்? எக்ஸ்சேஞ்சில் விவரம் பதிவாகிவிடும் என்று பயந்து வந்த நீங்கள், கேட்க ஆளில்லாத ஒருவரிடம் அதைவிட அதிகமாகக் கொடுத்திருக்கிறீர்கள். விற்பவருக்கும் கொடுத்தீர்கள். இதில் தனியுரிமை எங்கே மிஞ்சியது? வாலட் அட்ரஸில் பெயர் இல்லை என்பது உண்மை. ஆனால் உங்கள் அட்ரஸ் எது என்று குரூப்பில் நீங்களே பலமுறை ஒட்டியிருக்கிறீர்கள். அதோடு ஆதாரையும் சேர்த்து வைத்திருப்பவருக்கு உங்கள் இருப்பு எவ்வளவு என்பது திறந்த பாஸ்புக் மாதிரி.

உங்கள் படங்களை அழிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அழித்தாரா என்று உங்களால் சரிபார்க்க முடியாது என்பதால் உங்கள் பக்கக் கதவுகளையும் சாத்துங்கள். ஆதார் ஆணையமான யுஐடிஏஐயின் தளத்தில் பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பாருங்கள். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தரும் அறிக்கையில் நீங்கள் வாங்காத கடன் ஏதும் இருக்கிறதா பாருங்கள். இனி எங்கே ஆதார் கொடுக்க நேர்ந்தாலும் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார்.

வவுச் எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2011-12இல் டெக்சாஸைச் சேர்ந்த ட்ரெண்டன் ஷேவர்ஸ் 'பைரேட்' என்று தொடங்கும் புனைபெயரில் பிட்காயின்காரர்கள் கூடும் இடத்தில் வாரத்துக்கு 7 சதவீதம் வரை வட்டி தருவதாகச் சொல்லி காயின் திரட்டினார். சொன்னபடி பலருக்கு வந்தது, பின்னால் சேர்ந்தவர்கள் போட்டதிலிருந்து. வாங்கியவர்கள் எல்லோரும் அவருக்குச் சாட்சி சொன்னார்கள், சந்தேகப்பட்டவர்கள் வாங்கிக்கட்டிக்கொண்டார்கள். அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2013-இல் வழக்குப் போட்டபோது அவர் திரட்டியதாகச் சொன்ன கணக்கு 7 லட்சம் பிட்காயினுக்கு மேல். 2016-இல் 18 மாதச் சிறை கிடைத்தது. அவருக்கு வவுச் போட்டவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை, அதுவரை அவர்களுக்குப் பணம் வந்தது. உங்கள் குரூப்பில் வவுச் போடுபவர்களும் அப்படித்தான், நேற்று நடந்த டீலுக்கு மட்டுமே அவர்கள் சாட்சி.

கடைசியாக, 15 சதவீதம் கேட்கும் அந்த 'மீட்பு நிபுணர்'. ஏமாந்தேன் என்று ஒருவர் பொதுவில் எழுதியதும் இவர்கள் வந்துவிடுவார்கள், சில நேரம் முதலில் ஏமாற்றியவரே இன்னொரு பெயரில் வருவார். பிளாக்செயினில் உறுதியான பரிமாற்றத்தைத் திருப்ப அவரிடம் எந்த வித்தையும் இல்லை. முன்பணம் போன பிறகு 'வாலட்டை இணைக்க வேண்டும், 12 வார்த்தையைக் கொடுங்கள்' என்பார். அந்த வார்த்தைகள்தான் உங்கள் வாலட்டின் சாவி, அதையும் கொடுத்தால் மிச்சம் இருப்பதும் போகும். அவரோடு வாதம் செய்ய வேண்டாம். அந்தச் சாட்டையும் எக்ஸ்போர்ட் செய்து, அவருடைய எண் ஐடியைப் புகாரில் இரண்டாவது சந்தேக ஐடியாகச் சேர்த்துவிட்டு, பிறகு பிளாக் செய்யுங்கள்.